கொடுக்கும் கைக்குப் பின்னால் இத்தனை காரணங்களா? தெரியுமா?

மெரினா கலங்கரை விளக்கத்தைத் தாண்டி லூப் சாலையில் நடந்தால் மீனவர் வாழும் நொச்சிக்குப்பம். அந்தக் கரையிலிருந்தே தொடங்குவோம்!

வாங்கிய கை கொடுத்த கதை தெரியுமா?
2004 டிசம்பர் 26. சுனாமி சென்னைக் குப்பங்களுக்குள் புகுந்தது. படகும் வலையும் போய், ஊரார் உதவியில் எழுந்தார்கள் மீனவர்கள். ஏறத்தாழ 11 ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, அதே சென்னை மீனவர்கள்தான் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். கடலில் ஓடிய படகு தெருவில் ஓடியது!

கூலி வேண்டாம் என்றது ஏன் தெரியுமா?
2018 கேரள வெள்ளத்தில் மீட்புக்கு வந்த படகுகளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்றியதற்குக் காசா என்று மறுத்த மீனவர்கள் உண்டு! மனம் உவந்து செய்வதற்கு விலை வைத்தால் அந்த உவப்பே குறைந்துபோகும் என்று 1970-லேயே எழுதினார் பிரிட்டன் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ். அவர் ஆராய்ந்தது ரத்த தானத்தை!

கணக்கு எழுதிக் கொடுப்பதும் உதவிதான், தெரியுமா?
புதுக்கோட்டையின் வடகாடு, கீரமங்கலம், தஞ்சையின் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதம் மொய் விருந்து களைகட்டும். யார் எவ்வளவு மொய் செய்தார் என்பது நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். வட்டியில்லாமல் ஒரு குடும்பத்தின் கடன் அடையும், தொழில் தொடங்கும்!

நேர்த்திக்காக நீர்மோர், தெரியுமா?
நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே மயிலாப்பூர். பங்குனியில் அறுபத்துமூவர் விழா வந்தால் மாட வீதிகளில் மோர், பானகம், சாப்பாடு! வேண்டுதலுக்காகத் தருவோர், முன்னோர் நினைவாகத் தருவோர் எனப் பலர். வாங்குபவரின் பெயரை யாரும் கேட்பதில்லை!

புண்ணியத்துக்குக் கூட இல்லை, தெரியுமா?
மறுபிறவிப் பலனை எதிர்பார்த்து அறத்தை விற்கும் வியாபாரி அல்லன் வள்ளல் ஆய் என்று பாடினார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். சான்றோர் போன வழி என்பதாலேயே அவன் கொடுத்தானாம். புறநானூற்றின் 134-ஆம் பாட்டு அது! திருவள்ளுவரோ ஒப்புரவுக்கு ஓர் அதிகாரம், ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அடுத்ததாகவே புகழை வைத்தார்!

மூளையும் மகிழ்கிறது, தெரியுமா?
கொடுப்பவருக்குக் கிடைக்கும் இதமும் ஒரு காரணமே என்று 1990-இல் விளக்கினார் பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி. 2007-இல் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக ஆய்வில், பசித்தோருக்கு உணவளிக்கும் அமைப்புக்குப் பணம் போனபோது மூளையில் மகிழ்ச்சி தரும் பகுதிகள் துடிப்படைந்தன. தாமாகவே விரும்பிக் கொடுத்தபோது இன்னும் அதிகம்! 2008-இல் கனடாவில் சிலருக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்து அன்று மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தமக்கென்று செலவழித்தவர்களைவிட, பிறருக்குச் செலவழித்தவர்களே மகிழ்ந்திருந்தார்கள். தொகை சிறிதா பெரிதா என்பது பொருட்டாகவே இல்லை!

பாசம், நன்றி, நேர்த்தி, கணக்கு, புகழ், மனநிறைவு என்று கொடுப்பவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். கழுத்தளவு தண்ணீரில் நின்றவருக்குத் தேவைப்பட்டது ஒரு படகு. அதனால், காரணம் தூய்மையாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றே, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்!