சங்கிலிக்குப் பிறந்ததா இந்த நாய்?

வாலாஜாபாத்துக்கு அருகே தென்னேரி. பெரிய ஏரி, அதை நம்பிய வயல்கள். இப்படிப்பட்ட ஏரிப் பாசன ஊர்களில் அறுவடை முடிந்ததும் ஆட்டுக் கிடை போடுவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். இரவெல்லாம் ஆடுகள் படுத்து எழுந்தால் நிலத்துக்கு உரம், ஆட்டுக்காரருக்குக் கூலி. கிடையின் ஓரத்தில் ஒரு நாட்டு நாய் படுத்திருக்கும். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் முதல் குரல் அதனுடையதுதான்.

காஞ்சிபுரம் பக்கம் வாருங்கள். ஒரு மாடி வீட்டு வாசலில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று பலகை. உள்ளே சங்கிலியில் ஓர் அல்சேஷன் உறுமிக்கொண்டிருக்கிறது. இதுவும் ஆட்டுக்கார நாய்தான் என்றால் நம்புவீர்களா? வாஸ்தவம் அதுதான்!

உயிருள்ள வேலி

அல்சேஷனின் சொந்தப் பெயர் ஜெர்மன் ஷெப்பர்ட். அதாவது ஜெர்மானிய இடையர்களின் நாய். மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899-ல் ஹோராண்ட் என்ற நாயை முதலாவதாகப் பதிவு செய்து இந்த ஜாதிக்கு வித்திட்டார். முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனி என்ற பெயரே பிரிட்டிஷாருக்குக் கசந்தது. ‘அல்சேஷன்’ என்று மாற்றிவிட்டார்கள். 1977-ல் அங்கே பழைய பெயர் திரும்பியது. நம் ஊரில் இன்னும் அல்சேஷன் அல்சேஷன்தான்!

ஜெர்மனியில் மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே பயிர் நிற்கும். இடையே வேலி இராது. ஆடு எல்லை தாண்டாதபடி நாள் முழுவதும் ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருப்பது இந்த நாயின் வேலை. நாயே வேலி!

அந்தப் பிராணியை நான்கு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டால்? குரைக்கும்; மண்ணைப் பறிக்கும்; செருப்பைக் கடிக்கும்; ஒருநாள் மனிதரையும் கடிக்கலாம். “கோபக்கார நாய்” என்கிறோம். கோபமல்ல ஐயா, வேலையில்லாத் திண்டாட்டம்!

வளர்ப்பவர் கவனிக்க

இதற்கு இரட்டை ரோமம். மேல் ரோமத்துக்கு அடியில் கம்பளி போல் இன்னொன்று. குளிர்நாட்டுச் சட்டை அது; சித்திரை வெயிலுக்கு ஆகாது. ஆகவே ஓட்டமும் நடையும் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். நிழலும் தண்ணீரும் எப்போதும் வேண்டும். வெயிலில் மூச்சிரைத்துத் தள்ளாடினால், உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

தினமும் ரோமத்தை வாரும்போது காதுமடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த ஜாதியில் பரம்பரையாக வரும். குட்டியைக் கொழுக்க வைக்காதீர்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். வெந்த கோழி எலும்பு குடலைக் குத்தும்.

வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாமல் போடவேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால், நாயானாலும் மனிதரானாலும் பிழைப்பது அரிதிலும் அரிது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை கொடுங்கள். பந்தை ஒளித்துத் தேடச் சொல்லுங்கள்; சொல் கேட்கப் பழக்குங்கள். அதற்கு நேரமில்லையா? குட்டி வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இது பத்துப் பன்னிரண்டு வருஷ உறவு.

கிடையோரத்து நாயைப் பாருங்கள். அதற்கும் ஊசி வேண்டும், உண்ணி பார்க்க வேண்டும். ஆனால் செய்வதற்கு ஒரு வேலையும், கண்ணெட்டும் தூரத்தில் தன் மனிதரும் அதற்கு உண்டு. மாடி வீட்டு நாய் ஏங்குவதும் அவ்விரண்டுக்கும்தான்!