பட்டா பார்க்கக் கணினி கற்றல்

தாம்பரம், பல்லாவரம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் முதலிய ஊர்கள் 2021-ஆம் ஆண்டில் ஒரே மாநகராட்சியாகச் சேர்க்கப்பட்டன. அதற்கு நெடுநாள் முன்னரே, ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த வயல்கள் பல மனைகளாகிவிட்டன. எஞ்சிய நிலத்தின் விலை மிகவும் ஏறியிருப்பதால், பட்டா எவர் பெயரில் இருக்கிறதென்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது குடியானவர்க்கு அவசியமாகும். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் நிலப்பதிவேட்டு இணையதளத்தில் இதை வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். ஆயினும் அநேகர் தாமே பார்ப்பதில்லை. கைப்பேசியைப் பிறரிடம் கொடுத்து, கேட்ட தொகையையும் கொடுத்து, அதில் வருகிற இரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார்கள். களஞ்சியத்தின் சாவியை வழிப்போக்கனிடம் ஒப்புவிப்பதற்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை.

இவ்வித்தையைக் கற்கப் பணங்கட்டிப் பள்ளியிற் சேர வேண்டுவதில்லை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் நடத்தும் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிஷ அளவினது. திரையின் ஒரு பக்கத்தில் பாடத்தை வைத்துக்கொண்டு, சிறிது கேட்டு நிறுத்தி, மறுபக்கத்தில் அதையே செய்து பார்த்தல் வேண்டும். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதால் பயனில்லை. நாற்று நடுவதை வரப்பில் நின்று பார்த்து எவரும் கற்றதில்லை. 'லிப்ரெ ஆபீஸ்' என்னும் மென்பொருளும் விலையின்றிக் கிடைப்பதாகையால், அதன் கணக்குத்தாளில் உழவுகூலி, விதை, எரு இவற்றின் செலவை எழுதிப் பழகலாம்.

தமிழில் எழுதுவது கடினமென்று அஞ்சுவோர் பலர். 1999-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் அங்கீகரித்த 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'பட்டா' என்று எழுத ப, ட, ட, ஆ என்னும் நான்கு விசைகளே போதும். ஒரே எழுத்து இரட்டித்தால் புள்ளி தானாகவே விழும். 'நஞ்சை' என்பதற்கு ந, ஞ, ச, ஐ. தினம் அரைமணி வீதம் சில வாரங்கள் பழகினால் கை தானே வழிப்படும்.

பட்டாவைத் தேடும்போது புதிதாய்க் கற்போர் தடுமாறுமிடம் ஒன்றுண்டு. பழைய பத்திரங்களில் காஞ்சிபுரம் ஜில்லா என்றிருக்கும். ஆனால் 2019-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்துவிட்டது. ஆகவே செங்கற்பட்டையே தெரிந்தெடுத்துத் தாலுகாவையும் கிராமத்தையும் குறித்தல் வேண்டும். தாலுகாவும் மாறியிருக்கக் கூடும். பின்னர் பட்டா எண்ணையோ புல எண்ணையோ இடுக. புல எண்ணானால் உட்பிரிவையும் சரியாகக் குறிக்காவிடில் அயலாருடைய நிலமே திரையில் தோன்றும். நகர நில அளவையில் சேர்ந்த மனைகளுக்கு வார்டு, பிளாக் எண்களும் வேண்டும்.

இவ்வெண்களையெல்லாம் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வது நலம். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதலாகாது.