பிள்ளையின் மனம் வாடினால் எங்கே போவது? வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு கையேடு

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளி மாணவிகளுக்குத் தொண்டை எரிந்தது, குமட்டியது, தலை சுற்றியது. சிலர் மயங்கி விழுந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். மூடிய பள்ளி நவம்பர் 4-ல் திறந்தபோது மறுபடியும் சிலருக்கு அதே தொல்லை.

இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் ஊர்ப் பேச்சு இரண்டாகப் பிரியும். "கேஸ் லீக்குதான்" என்பது ஒரு பக்கம். "ஒருத்தி விழுந்ததைப் பார்த்துப் பயந்து இன்னொருத்தி விழுந்தாள்" என்பது மறுபக்கம். வாயு கசிந்ததா என்பதை அரசு ஆராய்ந்து சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கேள்வியை விடக் கூடாது. ஆனால் பிள்ளையின் தேவை அந்த விடைக்காகக் காத்திருக்க முடியாது. நுரையீரலுக்குச் சிகிச்சை வேண்டும், பயத்துக்கும் வேண்டும். பயத்தால் வரும் மயக்கம் நடிப்பு அல்ல. அந்த மூச்சுத்திணறலும் படபடப்பும் உடம்பில் உண்மையாகவே நடப்பவை.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு இது முதல் அடியும் அல்ல. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படி ஓடிய பிள்ளை பிறகு இரவில் தூங்க மறுத்தாலும், சைரன் கேட்டால் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாலும் அது அடம் அல்ல. உதவி கேட்க அதற்குத் தெரிந்த வழி அதுதான்.

எத்தனை பிள்ளைகளுக்கு இது வருகிறது?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருந்தது. பெருநகரங்களில் மட்டும் எடுத்தால் அது 13.5 சதவீதம். நாற்பது பேர் படிக்கும் ஒரு மாநகர வகுப்பில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஐந்து பேரும் நம் வீட்டுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று நம்புவதில்தான் காலம் வீணாகிறது.

நம் பகுதிக்கென்று சில நெருக்கடிகள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் இதே இரண்டு மாதத்தில்தான் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவு வருகிறது. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. வட்டிக்காரர் வாசலுக்கு வருகிறார். வீட்டில் சண்டை கூடும் மாதமும், மதிப்பெண் குறைந்த பிள்ளை நொந்துபோகும் மாதமும் ஒன்றாகிவிடுகின்றன. அப்பா கண்டெய்னர் லாரியில், அம்மா மீன் மார்க்கெட்டில் அல்லது வீட்டு வேலையில் என்றால், பிள்ளையின் மாற்றத்தைக் கவனிக்க ஆளே இருக்காது. மே, ஜூன் மாதங்களில் பிள்ளைகள் மேல் கூடுதலாக ஒரு கண் இருக்கட்டும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறு வயதுக்குள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, கண்ணைப் பார்க்காதது, பேச்சு தாமதமாவது, பேசிய பேச்சும் நின்றுபோவது. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று வருடங்களைக் கடத்தாதீர்கள். வளர்ச்சிக் குறைபாட்டுக்கு முதல் சில ஆண்டுகளில் தரும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை: பள்ளி நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது, திடீரென்று யாரோ ஒருவரைக் கண்டால் ஒளிவது, நன்றாகப் பேசும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் வராமல் இருப்பது.

பதின்ம வயதில்: தூக்கமும் சாப்பாடும் மாறுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, உடம்பில் கீறிக்கொண்ட தழும்பு, புகையிலைப் பொட்டலம், போதைக்காகப் போடும் வலி மாத்திரை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" போன்ற பேச்சு.

இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, படிப்பையும் விளையாட்டையும் கெடுத்தாலோ உதவி தேடுங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். "செத்துடலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மனத்தில் அடைத்துவைத்தது வெளியே வரும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருட்களைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்பதே நேர்மையான வாக்கு.

வேப்பிலை அடிப்பதும் தர்காவில் மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் குடும்பத்துக்கு ஆறுதல் தரலாம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கயிறு கட்டிய கையோடு மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். தாமதத்தின் கொடூரமான எல்லையைத் தமிழ்நாடு 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் பார்த்தது. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட 28 பேர் மாண்டார்கள்.

முதல் கதவு எது?

நேரே பெரிய மனநல மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. போன் எடுத்து 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளையே அழைக்கலாம், பெற்றோரும் ஆசிரியரும் அழைக்கலாம். தேர்வு, பள்ளி சார்ந்த கவலைக்குக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

சின்னக் குழந்தை என்றால் அங்கன்வாடி ஊழியரிடம் சொல்லுங்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டத்தின் மருத்துவக் குழு 2013 முதல் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து, பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களைக் கண்டறிந்து, தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது உங்கள் வார்டுக்கான நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு பெறலாம். ராயபுரத்துக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கு மனநலப் பிரிவு உண்டு. விம்கோ நகர், திருவொற்றியூரில் இருப்பவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து வண்டி மாறினால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் குழந்தைகளைப் பார்க்கிறார்கள். ஓ.பி. சீட்டு போடும் முன், பிள்ளை எப்போது மாறத் தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறது, பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களுக்கு அந்தத் தாள் உதவும்.

சட்டம் தரும் உரிமை

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் மனநலச் சேவையை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்குகிறது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையும் அதில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அது இலவசம். சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் கடமை. "நாளைக்குக் கல்யாணம் ஆகாதே" என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது; பெற்றோரோ பொறுப்பாளரோ கூடவே தங்க வேண்டும். யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது.

தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. 108 ஆம்புலன்ஸை அழைக்க ஒரு நொடியும் யோசிக்காதீர்கள்.

பள்ளியில் அடிப்பதும், வகுப்பின் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. "உன் பையனை வேறு ஸ்கூல்ல சேர்த்துக்கோ" என்று எட்டாம் வகுப்பு முடியுமுன் பள்ளியை விட்டு நீக்கவும் முடியாது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் இடம்பெற்ற 21 வகைகளில் அடங்கும். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரத்தையும் சொல்வதை எழுதுபவரையும் கேட்டுப் பெறலாம்.

தவறு நடந்தால்

பள்ளியில் கொடுமை என்றால் முதலில் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலர், பிறகு மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம்.

வீட்டிலோ வெளியிலோ குழந்தைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் தொல்லை என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது போக்சோ சட்டம் 2012-ன்படி தெரிந்த எவருக்கும் கடமை. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க முடியாது. குழந்தை ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. சீருடை இல்லாத அதிகாரி வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையைப் பற்றிப் புகார் தரத் தயங்க வேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100.

தெரு செய்ய வேண்டியது

கசிவோ வெள்ளமோ வந்தால் மருத்துவ முகாம் போடச் சொல்லிக் கேட்கிறோம். கண், மூச்சு, தோல் பார்க்கிறார்கள். அந்த முகாமில் குழந்தைகளுக்கு ஒரு மனநல ஆலோசகரும் வேண்டும் என்று கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். ஒருமுறை வந்து போனால் போதாது. சில மாதங்கள் கழித்தும் வர வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் 14416-ஐயும் 1098-ஐயும் எல்லோரும் போனில் பதிந்துகொள்ளட்டும். கேரம் கிளப், குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம், மாலை டியூஷன் ஆகியவற்றை நடத்தும் அண்ணன், அக்காக்களே, வழக்கமாக வரும் பிள்ளை ஒரு வாரம் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். பெற்றோருக்கு முன்னால் உங்கள் கண்ணில்தான் அந்த மாற்றம் படும்.

காற்றைச் சுத்தமாக்கும் போராட்டம் நீண்டது, அது நடக்கட்டும். பிள்ளையின் பயத்துக்கு உதவி கேட்பது இன்றைக்கே முடியும். காசும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். 14416-ஐ இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், பிள்ளையின் போனிலும்.