துரை பங்களா யாருக்குச் சொந்தம்?

ஒரு தே தாரேக் சொல்லிவிட்டு உட்காருங்கள். இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்.

இங்கிலாந்துக் கிராமங்களைக் காட்டும் படங்களில் பிரபுவின் மாளிகை ஒன்று வரும். சுற்றிலும் அவருடைய நிலம், ஓரத்தில் வேலையாட்களின் சிறு வீடுகள். ஜோகூர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே துரை பங்களா நினைவுக்கு வரும். காற்று வாங்கும் மேட்டில் பெரிய துரை, அடுத்துச் சின்ன துரை, பிறகு கிராணிமார், கடைசியில் பெரட்டுக் களமும் ஆயாக் கொட்டகையும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமும். வீடு நிற்கும் இடத்தை வைத்தே ஆளின் தகுதியைச் சொல்லிவிடலாம். இதுவரை இரண்டும் ஒன்றுதான்.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். அங்கே மாளிகையில் குடியிருந்தவரே நிலத்துக்கும் சொந்தக்காரர். தகப்பனுக்குப் பின் மகன் என்று அது கைமாறியது. இங்கே அப்படியில்லை. 1909இல் ரயில் பாதை ஜோகூர் பாரு வரை வந்து சேர்ந்தது. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், குலாய் வட்டாரங்களில் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. அந்தப் பெரிய தோட்டங்களில் பல லண்டன் கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. பங்குதாரர்களில் பெரும்பாலோர் ஒரு பால்மரத்தைக்கூட நேரில் கண்டதில்லை. கத்ரி போன்ற ஏஜென்சிகள் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டன. நாம் நடுங்கிய பெரிய துரையும் சம்பளக்காரர்தான். வேலை முடிந்தால் அவரும் பங்களாவைக் காலி செய்ய வேண்டும். ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது. லயத்தில் பிறந்தவர்களுக்கு லயமே ஊர்.

தோட்டம் விலைபோனபோதுதான் இதன் விளைவு தெரிந்தது. இங்கிலாந்தில் மரண வரியும் போர்ச் செலவும் சேர்ந்து பிரபுக்களை நிலத்தை விற்க வைத்தன. பல மாளிகைகள் இடிக்கப்பட்டன. சிலவற்றை 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் ஏற்றுக் காத்தது. மலாயாவில் 1950களில், சுதந்திரத்தை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அதுதான் தோட்டத் துண்டாடல். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும்.

இதற்கு மாற்றாகத்தான் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். வெட்டியவனே முதலாளியான வரலாறு அது. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் வாங்கிவிட முடியவில்லை.

1981 செப்டம்பர் 7ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனம் மலேசியாவின் கைக்கு வந்தது. லாயாங் லாயாங்கின் உலு ரெமிஸ் போன்ற தோட்டங்களும் அதோடு வந்தன. நாட்டுக்கு அது பெருமைதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் லயத்து வீடு லயத்தாருக்குச் சொந்தமாகிவிடவில்லை.

இங்கிலாந்தில் பண்ணை வேலையாட்களுக்கும் இதே துன்பம் இருந்தது. 1976இல் வந்த சட்டம், வேலை போனாலும் அவர்களை வீட்டைவிட்டு எளிதில் வெளியேற்ற முடியாதபடி காத்தது. நம் நாட்டில் 1990இல் தொழிலாளர் குடியிருப்புக்கான சட்டம் வந்தது. வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்று அது சொல்கிறது. வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இன்று அதே லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கிறார்கள். பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. வேலையோடு வீட்டைக் கட்டிப்போட்ட முடிச்சு மட்டும் அவிழவில்லை. உங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டம் விலைக்கு வந்தால், ஏக்கர் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், அங்கே குடியிருப்பவர்களுக்கு வீடு எங்கே என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் எழுப்ப வேண்டியவர்கள், அதன் வலி தெரிந்த நாம்தான்.