மூன்று லட்சம் பேரை எண்ணியது யார்?

1737ஆம் ஆண்டு கல்கத்தா புயல் பற்றிய கலைக்களஞ்சியக் குறிப்பைச் சரிபார்க்கப் போனால், ஒரு பூகம்பமும் ஒரு முதலையும் குறுக்கே வருகின்றன.

புயல் ஓய்ந்திருந்தது. கரையில் மோதி உடைந்து கிடந்த பிரெஞ்சுக் கப்பலின் அடித்தளத்தில் சரக்கை எடுக்க ஒருவர் இறங்கினார். கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. இரண்டாமவர் இறங்கினார். அவரிடமிருந்தும் சத்தமில்லை. மூன்றாவது ஆளும் போன பிறகுதான் மேலே நின்றவர்களுக்கு விளக்கைப் பிடித்துப் பார்க்கத் தோன்றியது. உள்ளே தேங்கியிருந்த தண்ணீரில் ஒரு பெரிய முதலை. அதைக் கொன்றபோது மூவரும் அதன் வயிற்றில் இருந்தார்களாம்.

1737இல் ஹூக்ளி நதி முகத்துவாரத்தைத் தாக்கிய புயலைப் பற்றி லண்டன் வாசகர்கள் அன்று படித்த செய்திகளில் இதுவும் ஒன்று. முதலைக் கதையை இன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதோடு கப்பலேறிப் போன மற்ற விவரங்களின் கதை வேறு. 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' வெளியிட்ட செய்தியின்படி, கங்கையில் நீர்மட்டம் வழக்கத்தைவிட 40 அடி உயர்ந்தது. கூடவே கடுமையான பூகம்பமும் வந்தது. 20,000 கலங்கள் அழிந்தன. 3 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்லப்பட்டது.

முதலை உதிர்ந்துவிட்டது. எண்கள் கலைக்களஞ்சியங்களுக்குள் குடிபுகுந்தன. பிரதியெடுக்கப்பட்ட வழியில் 'சொல்லப்பட்டது' என்ற சொல்லும் காணாமல் போனது. தோணி, ஓடம், படகு எல்லாம் சேர்ந்த 20,000 கலங்கள் பல பட்டியல்களில் 20,000 கப்பல்களாக வளர்ந்தன.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. புயல் பட்டியல்களில் இடம்பெற்ற அதே சம்பவம், பூகம்பப் பட்டியல்களிலும் ஏறியது. உலகின் மிகக் கொடிய பூகம்பங்களின் வரிசையில், 1556இல் சீனாவின் ஷென்சியில் நடந்ததற்குப் பக்கத்தில் கல்கத்தா நின்றது. இரண்டிலும் சாவு எண்ணிக்கை 3 லட்சம்தான். ஒரே பிணங்கள் இரண்டு முறை எண்ணப்பட்டன.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகப் புவியியலாளர் ரோஜர் பில்ஹாம். 1994இல் வெளியான தன் ஆய்வுக் கட்டுரையில், பின்னாளில் எழுதப்பட்ட தொகுப்புகளை விட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களுக்கே அவர் திரும்பிப் போனார். கம்பெனிக்காகக் கல்கத்தாவில் வரி வசூலைக் கவனித்த தாமஸ் ஜோஷுவா மூர் அனுப்பிய அறிக்கை புயலையும் வெள்ளத்தையும் பற்றிப் பேசுகிறது. கூரை வீடுகளில் பெரும்பாலானவை அழிந்ததாகச் சொல்லும் அவர், நகரில் இறந்தவர்கள் 3,000 பேர் என்கிறார். கல்கத்தா நகரில் 3 லட்சம் பேர் இறக்க வேண்டுமானால் முதலில் அங்கே 3 லட்சம் பேர் வாழ்ந்திருக்க வேண்டும். அன்றைய கல்கத்தா அவ்வளவு பெரிய ஊர் அல்ல.

தேதியும் சிக்கலானதே. செப்டம்பர் 30, அக்டோபர் 7, அக்டோபர் 11 என மூன்று தேதிகள் புழங்குகின்றன. முதலாவதும் மூன்றாவதும் ஒரே நாள்தான். 1752 வரை ஆங்கிலேயர் பின்பற்றிய பழைய காலண்டர், புதிய காலண்டருக்கு 11 நாள் பின்தங்கியிருந்தது. அக்டோபர் 7 இந்த இரண்டு கணக்கிலும் சேரவில்லை. இருந்தும் பல பட்டியல்களில் புயல் அந்தத் தேதியில் வீசுகிறது; பூகம்பம் 11ஆம் தேதி வருகிறது. நான்கு நாள் இடைவெளியில் இரண்டு பேரழிவுகள் என்று வாசகர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எண்கள் ஊர் மாறியும் திரிகின்றன. ஆந்திரக் கடற்கரையில், காக்கிநாடாவுக்கு அருகில் உள்ள கோரங்கி 1839 நவம்பரில் புயலால் அழிந்தது. அதற்கும் பட்டியல்கள் தரும் கணக்கு 3 லட்சம் சாவு, 20,000 கலங்கள். நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு புயல்கள் அச்சடித்தாற்போல ஒரே கணக்கை விட்டுச்செல்லுமா? சரிபார்ப்பவர் சிவப்பு மையை எடுக்க வேண்டிய இடம் இது.

அதற்காக 3 லட்சத்தை அடித்துவிட்டு 3,000 என்று எழுதினால் பிழை தீர்ந்துவிடுமா? தீராது. மூரின் கணக்கு நகரத்துக்கானது. நகரத்துக்குத் தெற்கே கடல்வரை விரிந்த டெல்டாவில் மீன் பிடித்தவர்களையும் உப்புக் காய்ச்சியவர்களையும் விறகு வெட்டியவர்களையும் அது உள்ளடக்கவில்லை. கடல் பொங்கினால் முதலில் மூழ்குவது அவர்களுடைய குடிசைகள்தான். அந்தக் கடற்கரையில் பெரிய எண்கள் அசாத்தியமும் அல்ல. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் மாண்டனர். 1876இல் கிழக்கே பாக்கர்கஞ்சில் சுமார் 2 லட்சம் பேர். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா புயலில் 3 முதல் 5 லட்சம் பேர்.

பிந்தைய புயல்களுக்குக் கணக்கு கேட்க அரசு நிர்வாகமாவது இருந்தது. 1864 புயலும் அடுத்து வந்த பஞ்சங்களும் கொடுத்த அதிர்ச்சியில்தான் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. 1737இல் டெல்டா கிராமங்களுக்குப் போய்த் தலை எண்ணியவர் எவரும் இல்லை. கம்பெனிக்குத் தன் வரி எல்லைக்குள் இருந்த குடிகளின் கணக்கு தேவைப்பட்டது. லண்டன் பத்திரிகைக்கு வாயைப் பிளக்க வைக்கும் செய்தி தேவைப்பட்டது.

ஆகவே நேர்மையான குறிப்பு இரண்டே வரிதான். 1737 அக்டோபர் 11இல் (பழைய காலண்டரில் செப்டம்பர் 30) வங்காளத்தைத் தாக்கியது புயல். கல்கத்தாவில் இறந்தவர்கள் சுமார் 3,000. டெல்டாவில் இறந்தவர்கள் எண்ணப்படவில்லை.

அந்தக் கடைசி வாக்கியம் எந்தப் பட்டியலிலும் முதலிடம் பிடிக்காது. ஆனால் பெயரும் எண்ணும் இல்லாமல் ஹூக்ளியில் போனவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய உண்மை அது ஒன்றுதான்.