காய்ச்சலுக்கெல்லாம் ஒரே மருந்தா?

குழந்தைக்கு உடம்பு சுட்டால் போதும்; வீடே கலங்கிவிடும். "போன தடவை வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறதே, அதைக் கொடுக்கலாமே!" என்று யாராவது சொல்வார்கள்.

கொடுக்கவே கூடாது!

எந்தக் கிருமி?

நோய்க் கிருமிகளில் பாக்டீரியா ஒரு வகை. வைரஸ் வேறு வகை. பெனிசிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவைத்தான் கொல்லும். ஜலதோஷம் வைரசால் வருவது. அதற்கு இந்த மருந்தால் பயன் இல்லை.

வயிற்றுப்போக்குக்கும் பெரும்பாலும் இது தேவைப்படாது. உப்பு-சர்க்கரைக் கரைசலும், துத்தநாக மருந்தும் கொடுப்பார்கள். மலத்தில் ரத்தம் கலந்து வந்தால்தான் கதை வேறு.

மூச்சுக் கணக்கு

இருமும் குழந்தையின் மூச்சை டாக்டர் ஒரு நிமிடம் எண்ணுகிறார். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும். 1 வயது முதல் 5 வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. இதற்கு அமாக்சிசிலின் என்ற பழைய மருந்தே பெரும்பாலும் போதும். மூச்சு விடும்போது மார்பு உள்ளே குழிந்தால் தாமதிக்கக் கூடாது. 2 மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எடைக்கு ஏற்ற அளவு

அண்ணனுக்குக் கொடுத்த அளவு தம்பிக்குப் பொருந்தாது. குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கிறார்கள்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார். அளவு குறைந்தால் கிருமி சாகாது. மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்றார். அப்படிப் பழகிய கிருமிகள் இன்று உலகெங்கும் உள்ளன.

டாக்டர் சொன்ன மருந்து, சொன்ன அளவு, சொன்ன நாள் வரை! மிச்சம் பிடித்து வைக்க இது மளிகைச் சாமான் அல்ல.