வளையும் முக்காலி

பேராக் மாநிலத்தின் பத்து காஜா நகருக்கு அருகே கெல்லி மாளிகை உள்ளது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், 1915ஆம் ஆண்டில் அதனைக் கட்டத் தொடங்கினார். 1926ஆம் ஆண்டில் அவர் இறந்ததால் கட்டுமானம் பாதியிலேயே நின்றுபோனது. அம்மாளிகையில் தமிழகத் தொழிலாளர்களின் உழைப்பும் கலந்துள்ளது. அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் மேற்கூரையில் தெய்வச் சிலைகளோடு கெல்லி ஸ்மித்தின் உருவத்தையும் காணலாம்.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் ஆர்வத்தோடு படம் பிடிக்கின்றனர். ஆயினும், மாளிகையின் இருண்ட தாழ்வாரங்களிலும் பழைய தோட்டக் கோயில்களின் உட்புறத்திலும் எடுத்த படங்கள் பெரும்பாலும் மங்கலாகவே அமைந்துவிடுகின்றன. இதற்குக் காரணம் என்ன?

வெளிச்சம் மிகுந்த இடத்தில் படக்கருவி ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரத்தில் போதிய ஒளியைப் பெற்றுவிடும். இருண்ட இடத்திலோ கால் நொடி, அரை நொடி எனக் கூடுதல் நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டியுள்ளது. அந்த நேரத்தில் கை சற்றே அசைந்தாலும் படம் கலங்கிவிடும். மூச்சு விடும்போதுகூட கை அசைகிறது. எனவே, படக்கருவியை அசையாமல் தாங்க முக்காலி தேவைப்படுகிறது.

தாங்குவதற்கு ஏன் மூன்று கால்கள்? தோட்டத்து மக்கள் பொங்கல் பானையை மூன்று கற்களின் மேல் வைப்பதை எண்ணிப் பார்க்கலாம். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று கற்களும் பானையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நான்காவது கல் வைத்தால் ஒன்று தொடாமல் போகக்கூடும். நான்கு கால் நாற்காலி ஆடுவதும் இதனால்தான்.

வழக்கமான முக்காலி நீளமானது. சுமந்து செல்வதும் சிரமம். இக்குறையைப் போக்கும் வகையில், அமெரிக்காவின் ஜோபி நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ‘கொரில்லாபாட்’ எனும் வளையும் முக்காலியை அறிமுகப்படுத்தியது. அதன் ஒவ்வொரு காலும் பல உருண்டை மூட்டுகளால் ஆனது. ஒரு மூட்டின் உருண்டை அடுத்த மூட்டின் குழிக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். நம் தோள்பட்டை எலும்பின் மூட்டும் இவ்வமைப்பைக் கொண்டதே. உருண்டைக்கும் குழிக்கும் இடையிலான உராய்வு, வளைத்த கால்களை அதே நிலையில் நிறுத்தி வைக்கிறது. காலைச் சுற்றியுள்ள இரப்பர் வளையங்கள் வழுக்காமல் பற்றிக்கொள்ள உதவுகின்றன.

இம்முக்காலியைத் தரையில் நிறுத்தலாம். வேலிக் கம்பியிலோ சன்னல் கம்பியிலோ சுற்றியும் கட்டலாம். ஆனால், முதிர்ந்த இரப்பர் மரத்தில் சுற்ற முயல்வது வீண். அதன் தண்டு பருமனானது. குட்டையான கால்கள் அதனைச் சுற்றி வளைக்கப் போதா. தாழ்வான சிறு கிளையே ஏற்றது.

வாங்குமுன் அது தாங்கும் எடையை அறிதல் வேண்டும். 1 கிலோகிராம் தாங்கும் வகையும் உண்டு. 3, 5 கிலோகிராம் தாங்கும் வகைகளும் உண்டு. அளவுக்கு மீறிய எடையை ஏற்றினால் மூட்டுகள் நழுவிப் படக்கருவி தலைகுப்புறச் சாயும். படக்கருவியின் எடை மூன்று கால்களுக்கும் நடுவே அமையுமாறு கால்களை அகல விரித்தல் நன்று. திறன்பேசியைப் பொருத்தத் தனிக் கவ்வி வேண்டும். மேலும், பொத்தானை அழுத்தும் விரலே கருவியை அசைத்துவிடும் என்பதால், இரண்டு நொடி கழித்துப் படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். கோயில் சிலைகளிலும் உடைந்த தூண்களிலும் முக்காலியைக் கட்டக்கூடாது. உள்ளே படம் பிடிக்க முன்கூட்டியே அனுமதி பெறுவதும் கடமையாகும்.

பேராக்கின் இரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்துள்ளன. எஞ்சியிருக்கும் லயன் வீடுகளும் சிறு கோயில்களும் பால் வாளிகளும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. ஒரு கட்டடம் இடிக்கப்பட்ட பின்னர், மங்கலான படத்தை மீண்டும் எடுக்க வழியில்லை. தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டின் சுவரில் எழுதிய பெயர் படத்தில் தெளிவாகத் தெரிந்தால்தான், பேரப்பிள்ளைகள் அதனைப் படிக்க இயலும். சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்பர். பள்ளிப் பையில் அடங்கும் இந்தச் சிறு முக்காலி, ஒரு சமுதாயத்தின் நினைவைத் தெளிவாகக் காக்கத் துணைபுரிகிறது.